மெல்போர்னுக்கு இரண்டு பேர்

செப்டம்பர் 4

அப்பா இன்று என் அலுவலகத்துக்கு வந்தார். காந்திபுரத்தில் எங்களுடையது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஆறு வருடமாக இந்த டிராவல்ஸில் விசா பிரிவில் இருக்கிறேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஜனவரில ஆஸ்திரேலியன் ஓபன். மெல்போர்ன் போகோணும். நீயும் நானும்."

"குரூப் டூர் இருக்குதுங்க. உங்களுக்கு மட்டும் போடறேன்."

"எனக்கு இங்கிலீஷ் பத்தாது. முட்டி வேற இப்படி. நீ வரோணும்."

பக்கத்து மேசை ஷாலினி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். படியில் அவர் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் போய்க் கை கொடுக்கவில்லை.

செப்டம்பர் 5

அம்மா பருப்பு கடைந்துகொண்டே சமாதானம் பேசினாள். "அறுபத்தாறு வயசாச்சு பாப்பா. அடுத்த வருசம் முட்டி எப்படி இருக்குமோ. கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு."

"நீ போம்மா அவரு கூட."

"என்னைய யாரு கூப்புட்டா?"

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அம்மாவுக்கும் டென்னிஸுக்கும் என்ன சம்பந்தம்? பன்னிரண்டு வருடம் எனக்குத் துண்டும் குளுக்கோஸ் தண்ணீரும் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக வந்தாள், அவ்வளவுதான்.

இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால் புரியட்டும் என்று எழுதிவைக்கிறேன். அப்பா நஞ்சப்பன், மில்லில் வீவிங் மாஸ்டராக இருந்தவர். ஒழுங்காக ஒரு செட் ஆடத் தெரியாது. புத்தகம் வாங்கிப் படித்து, சூலூரில் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் மண் கோர்ட் போட்டு, ஐந்து வயதில் என்னை அதில் இறக்கினார். பதினைந்து வயதில் மாநிலத்தில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களில் நான்தான் முதலிடம். பதினேழில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது எல்லாம் தண்ணீர் வந்ததா, கேஸ் சொல்லியாச்சா என்பதுதான்.

சரி என்று சொல்லிவிட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை எனக்கு விமான டிக்கெட்டில் ஸ்டாஃப் சலுகை உண்டு. அது வீணாக வேண்டாம்.

செப்டம்பர் 12

நோட்டுப் போட்டுத் திட்டம் எழுதுகிறார். எந்த நாள் எந்த கோர்ட், எந்தக் கதவு வழியாக உள்ளே போவது, கழிப்பறை எந்தப் பக்கம். மைதானத்தின் வரைபடத்தைக் கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி, ஹாலில் காலண்டரைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டியிருக்கிறார்.

புது ஷூ வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு பழைய கோர்ட்டைச் சுற்றி நடக்கிறார். கோர்ட் என்றால் இப்போது வெறும் மண். ஓரத்தில் முருங்கை. மெல்போர்னில் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். வலது காலை இழுத்து இழுத்து ஏழு சுற்று. ஜன்னலிலிருந்து எண்ணினேன். ஏழாவது சுற்றில் வலைக்கம்பத்தைப் பிடித்து நின்றுவிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

செப்டம்பர் 16

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையிலிருந்து கேட்டது: "எக்ஸ்கியூஸ் மீ, விச் வே டு கோர்ட் நம்பர் எய்ட்?" நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் 'எய்ட்'டில் தடுக்கினார். அம்மாதான் சமையலறையிலிருந்து திருத்தினாள்.

எனக்குத் தலை வலித்தது. சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 21

மைதான அனுமதிச் சீட்டு இரண்டு எடுத்தாகிவிட்டது. பெரிய அரங்கம் வேண்டாம் என்றார். அங்கே ஆட்கள் எறும்பு மாதிரித்தான் தெரிவார்களாம். வெளிக் கோர்ட்டுகளில் உட்கார்ந்தால் மூச்சு விடுவதுகூடக் கேட்குமாம்.

"ரெண்டாவது வாரத்துல ஜூனியர் பொண்ணுங்க மேட்ச் இருக்கும். அத விடக்கூடாது," என்றார்.

"அது எதுக்குங்க? பேரே தெரியாத புள்ளைங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், தலை நிமிரவில்லை. "நீ ஆடியிருக்க வேண்டிய கோர்ட்டு. உன் கண்ணால பாக்கோணும். அப்பத்தான் எத விட்டுட்டு வந்தன்னு உனக்குத் தெரியும்."

அம்மா ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன். இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இங்கிலீஷுக்கும் இல்லை, முட்டிக்கும் இல்லை.

செப்டம்பர் 22

விசா படிவங்கள் இரண்டையும் மதிய இடைவேளையில் முடித்தேன். தினம் ஐந்தாறு நிரப்புகிறவளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஒரு கேள்வி உண்டு. இதற்கு முன் எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா? எனக்கும் அப்பாவுக்கும் உண்டு. என் பதினைந்து வயதில் இதே மெல்போர்னில் ஒரு ஜூனியர் போட்டிக்கு விண்ணப்பித்தோம். காகிதங்கள் போதவில்லை என்று இருவருக்கும் இல்லை என்றார்கள். மறைக்கிற விஷயமே அல்ல. 'ஆம்' என்று போட்டு, காரணம் ஒரு வரி எழுதினால் போதும். மறைத்தால்தான் ஆபத்து. பொய்த் தகவல் என்று மூன்று வருடம் கதவைச் சாத்திவிடுவார்கள். வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் படிவத்தில் 'ஆம்'. அப்பாவுடையதில் 'இல்லை' என்று விழுந்திருக்கிறது. அவசரத்தில் ஏற்பட்ட கவனப்பிசகு. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

அனுப்புவதற்கு முன் மூன்று முறை சரிபார்ப்பது என் வழக்கம்.

அக்டோபர் 6

அப்பாவின் விண்ணப்பம் பற்றி விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மின்னஞ்சல் முகவரி என்னுடையதுதான். எங்கள் பதிவேட்டில் முன்பு ஒரு மறுப்பு இருக்கிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள், இருபத்தெட்டு நாளுக்குள் விளக்கம் தரவும் என்று கேட்டிருக்கிறார்கள். நிரப்பியவர் செய்த தவறு என்று நான்கு வரி எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். போன வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவருக்கு நானே எழுதிக் கொடுத்து விசா வாங்கித் தந்தேன்.

நாளைக்கு எழுத வேண்டும்.

அக்டோபர் 7

அலுவலகத்தில் ஏசி ஓடவில்லை. ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்டோபர் 15

எனக்கு விசா வந்துவிட்டது. அம்மா கேசரி செய்தாள். அப்பா என் போனை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"என்னுது?"

"வயசானவங்களுக்குக் கொஞ்சம் லேட்டாகுமுங்க."

"அப்படியா." நம்பிவிட்டார். இந்த விஷயத்தில் நான் சொல்வதை நம்புகிறார். என்னை நம்பி அவர் எதையும் ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை என்று இப்போது தோன்றுகிறது. அப்படியே போகட்டும்.

கேசரியில் சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 26

பதினொரு சுற்று நடக்கிறார் இப்போது. ஷூ நன்றாகப் பழகிவிட்டதாம், அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 3

இன்று இருபத்தெட்டாவது நாள். காலையில் இரண்டு தடவை அந்தக் கடிதத்தைத் திறந்தேன். மதியம் ஒரு தடவை. பதில் எழுதும் பெட்டியில் 'மதிப்புக்குரிய அதிகாரிக்கு' என்று அடித்தேன். அப்போது இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் அந்த இடம் பிடிக்கும். பதின்மூன்று வருடமாகப் பிடிக்கிறது. எழுந்து நின்று சரிசெய்துகொண்டேன்.

திரும்ப உட்கார்ந்தபோது எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 11

மறுத்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

வாசலில் வைத்தே சொன்னேன். அப்பா கையில் செடிக்கு ஊற்றும் குழாய். தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது. "மூணு வருசமா?" என்றார். பிறகு ஆஸ்திரேலியாக்காரனைத் திட்டினார், நம் அரசாங்கத்தைத் திட்டினார், நிறத்தைப் பார்த்துச் செய்கிறார்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் ஹாலில் சுவர் வெறுமையாக இருந்தது. வரைபடத்தைச் சுருட்டி பீரோ மேல் போட்டிருந்தார்.

நவம்பர் 12

"அந்த லெட்டரப் பிரிண்ட் போட்டுக் குடு. நான் நெரப்புன ஃபாரத்தையும் குடு," என்றார் காலையில். நிரப்பியது அவர் அல்ல. கையெழுத்துகூட அவர் போடவில்லை.

அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்தேன். அவருடைய கடிதம், அவருடைய படிவம். அப்புறம் என் படிவத்தையும் எடுத்துச் சேர்த்து ஒரே கவரில் போட்டுக் கொடுத்தேன். என்னுடையதை அவர் கேட்கவே இல்லை.

நவம்பர் 14

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு படிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்பா அடிஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்திருக்கிறார். அகராதி திறந்தே கிடந்தது.

"உக்காரு," என்றார். உட்கார்ந்தேன்.

"உன்னுதுல ஆமான்னு இருக்குது. என்னுதுல இல்லைன்னு இருக்குது. ஒரே வருசம், ஒரே நாளு, ரெண்டு பேருத்துக்கும் சேத்தித்தான் முடியாதுன்னாங்க. ரெண்டையும் நெரப்புனது நீதான?"

"ஆமாங்க."

"தெரியாம வந்துதா?"

கவனப்பிசகு என்று இந்த நோட்டில் எழுதியாகிவிட்டது. அதையே சொல்லியிருக்கலாம்.

"இல்லீங்க. தெரிஞ்சேதான் போட்டேன். நடுவுல விளக்கம் கேட்டு லெட்டர் வந்துச்சு. இருபத்தெட்டு நாளு டைம் குடுத்தாங்க. பதில் போடல."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். ஸ்கேலை எடுத்து மேசை ஓரத்துக்கு நேராக வைத்தார். "எதுக்கு?"

"பதினாறு வயசுல முதுகு வலிக்குதுன்னு அழுதேன். நடிக்கறேன்னு சொன்னீங்க. ஊசி போட்டு ஃபைனல் ஆட வெச்சீங்க. எலும்புல கீறல்னு டாக்டர் படம் எடுத்துக் காட்டினாரு. மூணே வாரத்துல திரும்பக் கோர்ட்டுல நிறுத்துனீங்க."

"ஆடறவங்க எல்லாத்துக்கும் வர்றதுதான் அது."

"விசா இல்லைன்னு லெட்டர் வந்த அன்னைக்கு நானூறு செர்வ் போட வெச்சீங்க. நான் என்ன பண்ணுனேன் அதுக்கு?"

"உன்ற நல்லதுக்குத்தான் பண்ணுனேன்."

"இதுவும் உங்க நல்லதுக்குத்தான்."

அவர் எழுந்தார். கையை ஓங்கினார். எனக்கு இருபத்தொன்பது வயது, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க. கைய எறக்குங்க."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். இந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். கை இறங்கியது. அம்மா என் பக்கம் என்று நினைத்து அவளைப் பார்த்தேன்.

"இருபத்தெட்டு நாளு," என்றாள் என்னிடம். "அந்த லெட்டர வெச்சுக்கிட்டு தெனமும் இவரு எதுர்ல உக்காந்து சோறு தின்னுருக்கற. ஷூவப் போட்டுக்கிட்டு மனுசன் நொண்டி நொண்டி நடக்கறதப் பாத்துட்டே இருந்திருக்கற. இவரு கோவத்துல அடிப்பாரு. நீ கோவமே இல்லாம அடிச்சிருக்கற. இவருகிட்ட இருந்து நீ கத்துக்காதது ஒண்ணும் பாக்கி இல்ல."

அம்மா படிவங்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"உன்ற ஆபீஸ்ல போய் நடந்தது இன்னதுன்னு சொல்லு. தப்பு என்னுதுன்னு விசாக்காரங்களுக்கும் எழுதிப் போடு. அப்பறம், உள்ள போற சீட்டு ரெண்டு இருக்குதில்ல? எனக்குப் பாஸ்போர்ட் எடு."

நவம்பர் 16

முதலாளி ஜெயசீலன் சாரிடம் சொன்னேன். வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "வீட்டுச் சண்டைய வீட்டோட வெச்சுக்கணும்மா. இது வெளிய தெரிஞ்சா எவன் எங்கிட்ட பாஸ்போர்ட்டக் குடுப்பான்?" என்றார். வேலையிலிருந்து எடுக்கவில்லை. விசா பிரிவிலிருந்து எடுத்துவிட்டார். நாளையிலிருந்து ஹோட்டல் புக்கிங். என் மேசையில் இனி ஷாலினி.

விசா அலுவலகத்துக்கு நேற்றே உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். முடிவை மாற்ற முடியாது என்று இன்று இரண்டே வரியில் பதில் வந்தது.

நவம்பர் 27

பாஸ்போர்ட் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம், அம்மாவும் நானும். தட்கலில் போட்டிருக்கிறோம். வீட்டில் இரண்டு வாரமாக அப்பா என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அம்மாவும் தேவைக்குத்தான் பேசுகிறாள்.

அரட்டை அடிக்கலாம் என்று, "அங்க போயி என்னம்மா பாக்கப் போற? உனக்கு பாயின்ட் எண்ணத் தெரியுமா?" என்றேன்.

அவள் டோக்கன் எண் வரும் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சேலத்துல செமி ஃபைனல். அஞ்சுக்கு மூணுல லீடிங்ல இருந்த. அந்தப் புள்ளைக்கு உசரமா வர்ற பந்து ஆகாது. நாலு கேம் அதத்தான் போட்டுட்டு இருந்த. என்ன நெனச்சியோ, திடீர்னு அத நிறுத்திட்டு ஓங்கி அடிக்க ஆரம்பிச்ச. ஏழுக்கு அஞ்சுல தோத்த. உங்கப்பா செர்வ் சரியில்லைன்னு திட்டுனாரு. செர்வ்ல ஒரு குத்தமும் இல்ல."

அந்த மேட்ச் எனக்கே மறந்துபோயிருந்தது.

"எத்தன தடவ பாத்திருப்பேன்," என்றாள். "என்கிட்ட யாரு கேட்டீங்க?"

டிசம்பர் 8

அம்மாவின் விசா படிவத்தை ஷாலினி நிரப்பினாள். எனக்குத் தொட அனுமதி இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன். வேறு நாடுகளுக்குப் போனதுண்டா, இல்லை. எங்காவது மறுத்ததுண்டா, இல்லை. வேலை பார்த்ததுண்டா, இல்லை. பக்கம் பக்கமாக இல்லை.

டிசம்பர் 26

அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. யாரும் கேசரி செய்யவில்லை.

ஜனவரி 19

கிளம்பும் நாள். அப்பா காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் சுற்று ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அரிசி எங்க இருக்குதுன்னு தேடிப் பாருங்க. நாப்பது வருசமா அதே எடத்துலதான் இருக்குது."

டாக்ஸி வந்தது. பெட்டிகளை நானே ஏற்றினேன். அவர் வாசல்வரை வந்தார். போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என்னைத் தாண்டி, டிரைவரிடம், "முன்னாடி டயர்ல காத்துக் கம்மியா இருக்குது, பாத்துப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 22, மெல்போர்ன்

வெயில் நம் ஊர் மாதிரி இல்லை, தோலை உரிக்கிறது. நானும் அம்மாவும் ஒரே அறை. இரவு அவள் தூங்கும்வரை நான் தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன். அவளும் அதையே செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

பகலில் கோர்ட் கோர்ட்டாக என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். "அந்தச் செகப்பு டவுசர்காரன் தோத்துருவான், ரெண்டாவது செர்வ் போடறப்பப் பயப்படறான்," என்றாள் ஓரிடத்தில். தோற்றான்.

ஜனவரி 25

ஜூனியர் பெண்கள் ஆட்டம். நான் போக வேண்டாம் என்றேன். அம்மா கேட்காமல் நடந்தாள். சின்ன கோர்ட், ஆறு வரிசைப் பெஞ்சு, முப்பது பேர்கூட இல்லை.

பதினைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எந்த நாடு என்று கவனிக்கவில்லை. பந்து வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அவள் எதிராளியைப் பார்க்கவில்லை, எங்களுக்கு இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த ஒரு ஆளைப் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் என்ன சொல்கிறார் என்று வரிக்கு வரி தெரிந்தது. இடுப்புக்கு மேலே இழுத்துப் பிடித்தது. இரண்டாவது செட்டில் அந்தப் பெண் இரண்டு செர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்டாள். அவர் தன் முழங்காலில் ஓங்கி அடித்துக்கொண்டார். அவள் தோள் சுருங்கியது.

"போலாம்மா," என்றேன்.

அம்மா எழுந்தாள். போவதற்கு என்று நினைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு வரிசை இறங்கி, அந்த ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தமிழில்தான் சொன்னாள், சத்தம் போடாமல். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சம் வாய மூடுங்க. புள்ள ஆடட்டும்."

அவர் திரும்பி, சேலை கட்டி வெள்ளைத் தொப்பி போட்ட அந்த அம்மாளைப் பார்த்தார். ஒன்றும் புரிந்திருக்காது. அம்மா வேறெதுவும் சொல்லாமல் கோர்ட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஏதோ முனகினார். பிறகு அமைதியானார். மேட்ச் முடியும்வரை அம்மா அங்கிருந்து நகரவில்லை. அந்தப் பெண் தோற்றுவிட்டாள். அவர் அவள் பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தார். அவள் நான்கடி பின்னால் போனாள். அம்மா செய்ததால் எதுவும் மாறவில்லை.

அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

"இத அப்பச் சொல்லியிருக்கலாமல்ல," என்றேன். இதமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

அவள் நிதானமாகக் குடித்து மூடியைத் திருகினாள்.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல? அவருகிட்ட பயமா?"

"பயந்தான்." பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். "அது மட்டும் இல்ல. நீ ஜெயிச்சுட்டு இருந்த."

அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு பெண்கள் உள்ளே வந்து பையை இறக்கினார்கள். நடுவர் நாணயத்தைச் சுண்டினார். வெயில் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. அம்மா எழுந்து, நிழல் இருந்த எதிர்ப்பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தாள். அங்கிருந்து என்னை வா என்று கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. கோர்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து மூன்று செட்டும் பார்த்தோம்.